கோல்ட் விங் டிசிடி ஓட்டுபவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2018 மாடல் ஹோண்டா கோல்ட் விங் டூர் பைக், டிசிடி (இரட்டை கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக்) கியர் வைத்தது, ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் அனுபவம் தேவை.

1833 சிசி இன்ஜின். பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்திருக்கின்றன. பாரம் கீழேயே இருப்பதால் வேகத்தில் வண்டி அலுங்குவதே இல்லை. என்னை மயக்கியது முன்பக்க சஸ்பென்ஷன். வழக்கமான ஃபோர்க்குக்குப் பதிலாக, கார்களில் வருகிற டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. ஓட்டிப் பார்த்தபோது, பள்ளம் வந்தால் ஹேண்டில்பாருக்கு முன்னால் உள்ள இணைப்புத் தண்டுகள் மேலும் கீழும் குதிப்பது கண்ணுக்கே தெரிந்தது. கைக்கு அதிர்வு பெரிதாக வரவில்லை. அருமையான வேலைப்பாடு!

கவலை ஒன்றுதான். கிளட்ச் லீவரே இல்லை, எடையோ ஏறக்குறைய 380 கிலோ. மெதுவாக யூ டர்ன் அடிக்கும்போது அரை கிளட்ச் பிடித்தே பழகிய கை எனக்கு. பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் போதும் என்கிறார்கள். மனைவியும் பின்னால் இருந்து, மேட்டில் திருப்ப வேண்டி வந்தால் அது சரிப்படுமா? சரிவில் நிறுத்தி எடுக்க வாக்கிங் மோட் (வண்டியே முன்னும் பின்னும் மெதுவாக நகரும் வசதி) எந்த அளவுக்கு நம்பகமானது?

அப்புறம், செயின் இல்லாத ஷாஃப்ட் டிரைவ் எனக்குப் புதிது. பழைய வண்டியில் எண்ணெய்க் கசிவை எங்கெல்லாம் பார்க்க வேண்டும்? இந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.