கடைசிக் காலத்தில் வீடியோவில் டொக்டர்: உங்கள் வீட்டில் எப்படி?

ஒட்டுசுட்டானிலிருந்து:
அம்மாவுக்குப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவிய பிறகு தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வருவதே வதையாகிவிட்டது. மாங்குளம் வந்து ஏ9 ஏறி, போக மட்டும் 100 கிலோமீற்றருக்கு மேல். வாகனத்தில் படுக்கவைத்தால் ஒவ்வொரு குழிக்கும் முனகுவார். பிறகு நோய்த்தணிப்பு டொக்டர் ஒருவர் (குணமாக்க முடியாத நோயில் வேதனையைக் குறைக்கப் பார்ப்பவர்) வட்ஸ்அப் வீடியோவில் பார்க்கத் தொடங்கினார்.

மருந்துப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார். கால் வீக்கத்தை விரலால் அமத்திக் காட்டச் சொன்னார். அம்மாவைத் திருப்பும்போது நெற்றி சுருங்குகிறதா என்று கவனித்தார். மாமி, பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் மோர்பினை நோ தாங்காதபோது மட்டும் கொடுத்துவந்தார். அது 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நேரம் பார்த்துக் கொடுப்பது, கூடவே மலம் இளக்கும் மருந்தும் வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது.

"நோ இருக்கா அம்மா?" என்றால் எங்களுக்கு முன்னால் "இல்லைப் பிள்ளை, சுகமா இருக்கிறன்" என்பார். ஒருநாள் டொக்டர், போனைத் தலையணையில் சாத்திவைத்துவிட்டு எல்லாரையும் முற்றத்துக்குப் போகச் சொன்னார். என்ன கதைத்தார்களோ தெரியாது, அன்றைக்கே மருந்தைக் கூட்டினார்.

கனடாவில் இருக்கும் அண்ணா வேறு, "ஏன் சேலைன் ஏத்தேல்லை? பட்டினி போட்டுச் சாகவிடப் போறியளோ?" என்று தினமும் சண்டை. டொக்டர் அவரையும் அதே கோலில் சேர்த்தார். இந்த நிலையில் பசி தானாகக் குறையும், சேலைன் ஏற்றினால் தண்ணீர் தேங்கி மூச்சுக் கஷ்டமாகலாம், வாயை ஈரப்பஞ்சால் நனைத்தால் போதும் என்று பொறுமையாகச் சொன்னார். அண்ணா அழுதார். பிறகு சண்டை இல்லை. என்னைக் கேட்டால் பெரிய உதவி இதுதான். டொக்டர் அடுத்த வீட்டிலேயே இருந்திருந்தாலும் அண்ணாவைக் கட்டிலடிக்குக் கொண்டுவந்திருக்க முடியாதே.

ஆனால் மோர்பின் போனில் வராது. சிட்டைக்கும் மருந்துக்கும் தம்பி மோட்டார் சைக்கிளில் ஓடத்தான் வேண்டியிருந்தது.

கிளிநொச்சியிலிருந்து, தாதி:
யன்னல் நோயாளிக்குப் பின்னால் இருந்தால் எங்களுக்கு ஆள் கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சம் போன் பிடிப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மூச்சை எண்ணுவதற்கு ஒரு முழு நிமிடம் போனை ஆட்டாமல் நெஞ்சைக் காட்டுங்கள். கோல் அறுந்துகொண்டே இருந்தால் சின்ன வீடியோவாக எடுத்து அனுப்பினாலும் சரி.

துணுக்காயிலிருந்து:
எங்கள் அப்புவுக்கு இது சரிவரவில்லை. காது கேளாது. திரையில் இருப்பவர் தன்னோடுதான் கதைக்கிறார் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. சிக்னலும் மாமரத்தடியில்தான் வரும், கட்டிலையும் அங்கே தூக்கிக்கொண்டு போகவா? வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துப் பார்த்த நேர்ஸைத்தான் நம்பினார். அவர் பக்கத்தில் நின்று, டொக்டர் கேட்டதை அப்புவின் காதுக்குள் திருப்பிச் சொன்ன நாட்களில் மட்டும் வீடியோ பிரயோசனப்பட்டது.