சுற்றுச்சூழல் அறிவியலா, வேதியியலா? எதை எடுக்கலாம்?

தளிர்:
இளநிலைக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. நீர் மாசு சார்ந்த வேலைக்குப் போகத்தான் ஆசை. "முதலில் வேதியியலை முடி, சுற்றுச்சூழலை முதுநிலையில் பார்த்துக்கொள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது சரியா?

அமிலமழை:
சரிதான். ஓசோன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் மேலே போய் ஓசோனைச் சிதைக்கும் என்று 1974-ல் எழுதிய மொலினாவும் ரோலண்டும் வேதியியலாளர்கள். 1958-ல் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கிய கீலிங்கும் வேதியியல் படித்தவர்தான். சுற்றுச்சூழல் பட்டத்தில் எட்டுத் துறைகளுக்கு முன்னுரை படிப்பீர்கள், ஒன்றிலும் ஆழம் வராது.

ஏரிக்கரை:
இதை ஏற்க முடியவில்லை. அவர்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் இப்படி ஒரு பட்டம் அநேகமாக எங்குமே கிடையாது. இல்லாத படிப்பை எப்படி எடுத்திருப்பார்கள்?

நான் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஓர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. எங்கள் மூத்த வேதியியலாளர், கெட்டிக்காரர், நண்பகலில் போய் அளந்தார். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 11 மில்லிகிராம். மீனுக்கு 5 இருந்தாலே போதும். "தண்ணீரில் குறையில்லை" என்று அறிக்கை போய்விட்டது. கருவியும் சரி, அளவும் சரி. ஆனால் ஏரி முழுக்கப் பாசி! பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுவதும் பாசிதான், இரவெல்லாம் சுவாசித்து அதைத் தீர்ப்பதும் பாசிதான். விடிவதற்குச் சற்று முன்பு அளவு அடிமட்டத்துக்குப் போகும். அடுத்த வாரம் இருட்டோடு போய் அளந்தோம்: 1.4. அதற்குள் இன்னும் நிறைய மீன்கள் செத்திருந்தன. உண்மையில் அந்த 11-ஏ எச்சரிக்கைதான். அந்த வெப்பநிலையில் தண்ணீர் சாதாரணமாகப் பிடித்துவைப்பது 8 சொச்சம். எப்போது அளப்பது என்ற கேள்வியே அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு அது இரண்டாம் பருவப் பாடம்.

அமிலமழை:
வருத்தமான சம்பவம். ஆனால் அந்த வேதியியலாளர் அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாரே? வெப்ப இயக்கவியலை யாராலும் ஒரு வாரத்தில் கற்க முடியாது. ஏரிப் பாசி என்றதும் ஏரி ஆய்வாளர் ஷிண்ட்லர்தான் நினைவுக்கு வருகிறார். 1973-ல் கனடாவின் 226-ஆம் ஏரியைத் திரை போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம்தான் பச்சையானது. அவர் பட்டம் வாங்கியது விலங்கியலில்.

ஏரிக்கரை:
அப்புறம் முனைவர் பட்டத்துக்குச் சூழலியலுக்குப் போனார், அதையும் சொல்லுங்கள். அதற்கு முன் குடுவையில் செய்த சோதனைகள் சில, பாசி வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது கார்பன் பற்றாக்குறைதான் என்று காட்டின. குடுவைக்குள் கார்பன் தீர்ந்துபோகும். ஏரிக்கோ காற்றிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். குடுவைக்குள் நடந்த வேதியியலில் பிழையே இல்லை, முடிவுதான் ஏரிக்குப் பொருந்தவில்லை. ஏரியை ஏரியாகப் பார்க்கும் பழக்கம் பதினெட்டு வயதிலேயே வரட்டும் என்கிறேன்.

நிலத்தடி:
இருவரும் புள்ளியியலை மறந்துவிட்டீர்கள். எத்தனை இடத்தில், எத்தனை முறை மாதிரி எடுப்பது, கருவியால் கண்டறிய முடியாத அளவை அட்டவணையில் எப்படிக் குறிப்பது? இது தெரியாமல் எந்தப் பட்டம் வாங்கினாலும் களத்தில் திணறுவார்கள். தளிர், இரண்டு பாடத்திட்டங்களையும் எடுத்துக் களப்பணி நேரத்தையும் புள்ளியியல் தாள்களையும் எண்ணிப் பாருங்கள்.

தளிர்:
எண்ணிவிட்டேன். சுற்றுச்சூழலில் நான்கு பருவங்களுக்குக் களப்பணி, புள்ளியியல் இரண்டு தாள். வேதியியலில் களப்பணியே இல்லை, புள்ளியியல் ஒரு தாள். ஆனால் சுற்றுச்சூழலில் பகுப்பாய்வு வேதியியல் விருப்பப் பாடமாக மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு சுற்றுச்சூழலிலேயே சேரலாம் என்று நினைக்கிறேன்.

அமிலமழை:
நான் இன்னும் வேதியியல் பக்கம்தான். சேர்வதாக இருந்தால் அந்த விருப்பப் பாடத்தைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். களத்துக்குப் போகும் முன்பே டைட்ரேஷன், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவைக் கண்டறியும் முறை, கைக்குப் பழகியிருக்க வேண்டும்.