முதல் வரைவு பாதியில் நிற்கிறது, திரும்பிப் போய்த் திருத்தலாமா?

நல்லூரான்:
1995இல் போரால் சனம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இடப்பெயர்வை வைத்து நாவல் எழுதுகிறேன். ஒக்டோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட முடியாமல் சனம் நெருக்குப்படும் இடம் வரை வந்தாயிற்று. அதற்குள் பெரியம்மா வேறு ஆளாகிவிட்டா. முதல் அத்தியாயத்தில் வாய் திறக்காதவ, இப்போது எல்லாரையும் அதட்டுகிறா. திரும்பிப் போய்ச் சரிசெய்யட்டா, மேலே எழுதட்டா?

கைதடி வாசகி:
தம்பி, மேலே எழுதும். கொடிகாமம் போய்ச் சேரும்போது அவ எப்படி இருப்பா என்று உமக்கே இன்னும் தெரியாது. இப்போது திருத்தினால் பிறகும் திருத்த வேண்டிவரும். கொப்பி ஓரத்தில் 'தொடக்கத்திலிருந்தே அதட்டுபவ' என்று ஒரு வரி போட்டுவிட்டு நகரும்.

சுன்னாகத்தான்:
அக்கா சொல்வது சரி. ஆனால் காலப் பிழையை மட்டும் உடனே பாருங்கோ, கதைமுடிச்சே அதில் தொங்கக்கூடும். மகன் கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயிலில் வந்து இறங்கினால் எல்லாம் போச்சு. 1990க்குப் பிறகு 2014 வரை யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. இடப்பெயர்வுக் காலத்தில் மின்சாரமும் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம்.

நல்லூரான்:
ரயில் இல்லை அண்ணை, அவன் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்தவன். டைனமோவை எடுத்துக்கொள்கிறேன். அப்புறம், உரையாடலை எங்கள் பேச்சிலேயே விட்டால் சென்னை வாசகருக்கு விளங்குமா?

கைதடி வாசகி:
அதை இரண்டாம் வரைவில் யோசியும்.