எல்லாக் கோப்புக்கும் சொந்தக்காரர் 'நோபடி': கோப்புப் பகிர்வு சர்வரில் நால்வர் பட்டவை

மைக்கறை (சிவகாசி)

ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் தொடங்கும் ஓட்டம் டிசம்பர் கடைசி வரை நிற்காது. வடிவமைப்பாளர்கள் ஏழு பேர், பிளேட் எடுக்கும் அறையில் இருவர், கணக்கில் ஒருவர். இவர்கள் எல்லோருக்குமாக ஒரு பழைய கணினியில் உபுண்டுவும் (லினக்ஸ் இயங்குதளம்) சாம்பாவும் (விண்டோஸ் கணினிகளோடு கோப்புப் பகிரும் மென்பொருள்) போட்டு, 'வேலை' என்று ஒரே ஒரு பகிர்வை, அதாவது எல்லோரும் நெட்வொர்க் வழியாகத் திறக்கும் கோப்புறையை, திறந்து வைத்திருந்தேன்.

முதலில் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். இரண்டாம் நாளே புகார். 'அவன் சேமித்த கோப்பு எனக்குத் திறக்கவில்லை' என்று ஒருவர், 'திருத்திவிட்டுச் சேமித்தால் அனுமதி இல்லை என்கிறது' என்று இன்னொருவர். பிளேட் அறையில் இயந்திரம் சும்மா நிற்கிறது, வாசலில் முதலாளி அண்ணாச்சி நிற்கிறார். கோப்புறைக்கு 777 போட்டேன், யாரும் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி அது. பகிர்வில் 'கெஸ்ட் ஓகே' (கடவுச்சொல் இல்லாத விருந்தாளியும் வரலாம்) என்பதற்கு 'யெஸ்' கொடுத்தேன். புகார் அன்றோடு ஒழிந்தது. கெட்டிக்காரன் என்று பெயரும் கிடைத்தது.

உபுண்டுவில் சாம்பாவின் அமைப்புக் கோப்பில் 'மேப் டு கெஸ்ட்' என்பது 'பேட் யூசர்' என்று ஏற்கெனவே எழுதப்பட்டே வருகிறது. சர்வருக்குத் தெரியாத பெயரில் யார் வந்தாலும் விருந்தாளியாக உள்ளே விடு என்பது அதன் பொருள். விருந்தாளிக்குச் சாம்பா வைத்திருக்கும் பெயர் 'நோபடி'. தமிழில் சொன்னால் 'யாருமில்லை'. பழைய கோப்புகளுக்கு 777 போதும், புதிதாக எழுதப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் சொந்தக்காரர் 'யாருமில்லை' ஆனார்.

2018 அக்டோபர். இலவசத் தமிழ் எழுத்துருத் தொகுப்பு என்று எங்கிருந்தோ இறக்கிய நிறுவல் கோப்பை ஒரு தம்பி இருமுறை சொடுக்கியிருக்கிறார். மாலை நாலரைக்குப் பிளேட் அறையிலிருந்து போன்: "அண்ணே, முருகன் படம் திறக்கவில்லை. கோப்பின் பெயருக்குப் பின்னால் என்னவோ வால் முளைத்திருக்கிறது." நான் போய்ப் பார்க்கும்போதே அகரவரிசைப்படி கோப்புறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டும் தீநிரல் அது. சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

லினக்ஸ் சர்வருக்கு வைரஸ் வராது என்று அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். சர்வருக்கு ஒன்றும் வரவில்லைதான். விண்டோஸ் கணினியில் ஓடிய நிரலுக்கு, பகிர்வில் எழுதும் உரிமையை நானே கொடுத்திருந்தேன். அது எழுதியது, அவ்வளவுதான். யார் கணினியிலிருந்து வந்தது என்று பார்த்தால் எல்லா இடத்திலும் 'யாருமில்லை'. ஏழு கணினிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எதன் சொந்த வட்டும் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

காப்பு நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சர்வரிலேயே நிரந்தரமாகச் செருகி, வசதிக்காக 'வேலை' பகிர்வுக்குள்ளேயே ஒரு கோப்புறையாக வைத்திருந்தேன். அதுவும் சேர்ந்து போனது. காப்பாற்றியது அண்ணாச்சியின் அவநம்பிக்கை. கணினியை நம்பாத மனிதர், வாரம் ஒருமுறை ஒரு வட்டில் எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொல்லி வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்வார். கடைசியாகக் கொடுத்தது ஒன்பது நாளுக்கு முன்பு. அந்த ஒன்பது நாள் வேலையை இரவும் பகலுமாக மறுபடி செய்தோம்.

பிறகு கட்டியதுதான் இப்போது ஓடுகிறது. அன்று இரண்டாம் நாள் வந்த புகாருக்கு உண்மையான மருந்து மிகச் சின்னது. வடிவமைப்பாளர்கள் எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்து, கோப்புறையின் குழுவையும் அதுவாக மாற்றி, அனுமதியை 2770 ஆக்கினேன். 770 என்றால் சொந்தக்காரரும் குழுவும் மட்டும் படிக்கலாம், எழுதலாம். முன்னால் இருக்கும் அந்த 2 தான் விஷயம். உள்ளே பிறக்கும் எந்தக் கோப்பும் சேமித்தவரின் சொந்தக் குழுவுக்குப் போகாமல் கோப்புறையின் குழுவுக்கே போகும். சாம்பாவில் புதுக் கோப்பின் அனுமதியைக் கட்டுப்படுத்தும் 'க்ரியேட் மாஸ்க்' 0660, புதுக் கோப்புறைக்கான 'டைரக்டரி மாஸ்க்' 2770. படம் திருத்தும் மென்பொருள்கள் பல, சேமிக்கும்போது தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதிவிட்டுப் பழையதன் பெயரை அதற்குச் சூட்டுகின்றன. அதனால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது புதுக்கோப்பு, புது அனுமதி. இது தெரியாமல் நான் பழைய கோப்புகளுக்கு மட்டும் அனுமதியை மாற்றி மாற்றிச் சலித்துப்போய்த்தான் 777 போட்டிருந்தேன்.

யார் நுழையலாம் என்ற 'வேலிட் யூசர்ஸ்' வரியில் குழுவின் பெயர், எங்கிருந்து நுழையலாம் என்ற 'ஹோஸ்ட்ஸ் அலவ்' வரியில் எங்கள் உள் நெட்வொர்க் மட்டும். அச்சாகி முடிந்த வேலைகள் இரவில் தானாக 'முடிந்தவை' என்ற பகிர்வுக்கு நகரும். அதை எல்லோரும் படிக்கலாம், யாரும் எழுத முடியாது. மாற்றங்களைச் செய்ததும் 'டெஸ்ட்பார்ம்' கட்டளையை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் சொல்லிவிடும்.

பேரேடு (கோயம்புத்தூர்)

படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. எங்களுடையது தணிக்கையாளர் அலுவலகம், வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கெல்லாம் சர்வரில்தான். 2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. கணினி தெரிந்த நண்பர் ஒருவர் வந்து ரவுட்டரில் கோப்புப் பகிர்வுக்கான நெட்வொர்க் வாசலாகிய 445 ஆம் போர்ட்டை வெளியே திறந்து சர்வருக்குத் திருப்பிவிட்டார். இரண்டு பேருக்கு நன்றாக வேலை செய்தது. மூன்றாமவர் வீட்டிலிருந்து மட்டும் எத்தனை முயன்றும் இணையவில்லை. அவருடைய இணைய நிறுவனம் அந்தப் போர்ட்டையே அடைத்து வைத்திருக்கிறதாம். நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தோம்.

அந்தக் கோளாறைத் தேடப்போய்த்தான் சர்வரின் பதிவுக் கோப்பை முதன்முறையாகத் திறந்தேன். 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'பேக்கப்', 'ஸ்கேனர்' என்று எங்கள் அலுவலகத்தில் இல்லாத பெயர்களில் சில விநாடிக்கு ஒரு தட்டல். விடிய விடிய யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை என்ற கோப்புப் பூட்டும் தீநிரல் நுழைந்ததும் இதே 445 வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

அன்றே போர்ட்டை மூடினோம். இப்போது ஒயர்கார்டு என்ற பூட்டிய தனிப்பாதை (விபிஎன்) வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் வந்த பிறகே பகிர்வு கண்ணில் படும். சாவி இல்லாதவரின் தட்டலுக்கு ஒயர்கார்டு பதிலே சொல்லாது, அங்கே ஒரு கதவு இருப்பதே வெளியாருக்குத் தெரியாது. மூன்றாமவரும் இணைந்துவிட்டார்.

ஆய்வகத்துச் சாவி

கல்லூரியில் ஆய்வக உதவியாளன். என் கதையில் திருடன் யாரும் இல்லை, ஒரு நகலெடுக்கும் இயந்திரம்தான்.

சர்வரை உபுண்டு 20.04 க்கு மாற்றிய மறுநாள், அலுவலகத்து இயந்திரம் ஸ்கேன் செய்த தாளைக் கோப்புறைக்கு அனுப்ப மறுத்தது. சாம்பா 4.11 முதல், கோப்புப் பகிர்வின் பழைய மொழியான எஸ்எம்பி 1 இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அந்த இயந்திரத்துக்கோ அது ஒன்றுதான் தெரியும். 'சர்வர் மின் ப்ரோட்டோகால்' வரியில் 'என்டி1' (எஸ்எம்பி 1 தான்) என்று எழுதினேன், ஓடியது. மைக்கறை அண்ணன் 777 போட்ட அதே கதைதான்: ஒரு கிழட்டு இயந்திரத்துக்காக மொத்தக் கல்லூரிக்கும் பழைய கதவைத் திறந்து வைத்தேன். ஒரு வருடம் அப்படியே இருந்தது.

இப்போது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று இயந்திரத்தின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. பழைய மொழி அதற்கும் இயந்திரத்துக்கும் இடையில் மட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் தானே போய்த் தாள்களை எடுத்துவருகிறது. ராஸ்பெர்ரி பைக்குச் சர்வரில் எந்த உரிமையும் இல்லை. 'தாள் வர ஐந்து நிமிடமா' என்று கண்காணிப்பாளர் இன்னும் முணுமுணுக்கிறார்.

லினக்ஸ் சர்வர்தானே என்று இருப்பவர்களுக்கு இன்னொன்று. வானாக்ரை வந்த அதே மே மாதம் 24 அன்று சாம்பாவிலேயே ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. 3.5 பதிப்பு முதல் இருந்த ஓட்டை. எழுதும் உரிமையுள்ள பகிர்வு ஒன்று கிடைத்தால், அதில் தன் நிரலைப் போட்டுச் சர்வரையே அதை ஓட்ட வைத்துவிடலாம்.

புதுவிண்டோ

எனக்குச் சொல்ல அதிகமில்லை. விண்டோஸ் 11 இன் 24எச்2 புதுப்பிப்பு வந்ததும் எங்கள் கடையில் பகிர்வு திறக்கவில்லை. புரோ பதிப்பில் விருந்தாளியாக நுழைவதை விண்டோஸே மறுக்கிறது. சர்வர் கெட்டுவிட்டது என்று மூன்று நாள் சர்வரையே நோண்டினேன். கடைசியில் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கினேன், பத்து நிமிட வேலை.

மைக்கறை அண்ணனுக்கு ஒரு கேள்வி: மறுசுழற்சித் தொட்டி வசதியைச் சாம்பாவில் போட்டால் போதாதா? இரும்புப் பெட்டி இன்னும் தேவையா?

மைக்கறை (சிவகாசி)

போதாது தம்பி. அழித்தால்தான் தொட்டிக்குப் போகும். இருக்கிற கோப்பின் மேலேயே எழுதிப் பூட்டினால் தொட்டிக்கு ஒன்றும் தெரியாது. நான் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் போட்டு மணிக்கொருமுறை ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) எடுக்கிறேன். பகிர்வு வழியாக வருபவர் அதை மாற்ற முடியாது. 'ஷேடோ காப்பி' வசதியையும் இணைத்துவிட்டதால், விண்டோஸில் கோப்பின் மேல் வலச்சொடுக்கிப் பழைய வடிவத்தை அவரவரே மீட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, புதுப் பெயர்களோடு இணையும்போது 'ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் இணைய முடியாது' என்று விண்டோஸ் முரண்டு பிடித்தால் பதற வேண்டாம். பழைய விருந்தாளி இணைப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'நெட் யூஸ்' கட்டளையால் அதை அறுத்துவிட்டு இணையுங்கள்.

இரும்புப் பெட்டி இருக்கிறது. இப்போது இரண்டு வட்டு, வாரம் மாற்றி வாரம். ஸ்னாப்ஷாட்டும் அதே கணினியில்தானே இருக்கிறது, தீப்பிடித்தால் என்ன செய்வது? போன மாதம் மீட்டுப் பார்க்கும் ஒத்திகைக்காக வட்டைக் கேட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து எதையும் வெளியே கொடுக்கமாட்டேன்" என்றுவிட்டார் அண்ணாச்சி. சனிக்கிழமை காலையில் அவரே கொண்டுவந்து கொடுத்தார். எல்லாக் கோப்பும் திறந்தது.