ஆலமரத்து வீடு குரூப்: அத்தைக்கு மாத்திரை

சுமா: அத்தைக்கு மூணு நாளா மோஷன் போகல. வயிறு கும்முனு இருக்காம். கர்ப்பப்பை எடுத்து இன்னிக்கு ஆறாவது நாள். என்ன குடுக்கலாம்?

சரசு அத்தை: விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன்

ராமு சித்தப்பா: வேண்டாம்க்கா. குடலை முறுக்கி இழுக்கும், தையல் போட்ட வயிறு. சுமா, காத்து பிரியுதா? வாந்தி?

சுமா: பிரியுது மாமா. குமட்டல் மட்டும்

ராமு சித்தப்பா: அப்ப பயமில்ல. காத்தும் பிரியாம, வயிறு உப்பி, வாந்தியும் வந்தா உடனே ஆஸ்பத்திரி. குடல் அசையாம நிக்குதுன்னு அர்த்தம். எல்லா மாத்திரையையும் சீட்டோட போட்டோ போடு

சுமா: [போட்டோ]

குமார்: கிரகப்பிரவேச மண்டபத்துக்கு அட்வான்ஸ் யார் குடுக்கிறது

மீனா: இப்பவா அண்ணா 🤦

ராமு சித்தப்பா: பாத்தேன். வலி மாத்திரை அல்ட்ராசெட்ல டிரமடால் 37.5 மி.கி. இருக்கு. குடலை மந்தமாக்குறது அதுதான், குமட்டலும் அதாலதான். கூடவே பாராசிட்டமால் 325. டோலோ 650 மூணு வேளை 1950, அல்ட்ராசெட் ரெண்டு வேளை 650, பாராசிட்டமால் ஒரு நாளைக்கு மொத்தம் 2600 மி.கி. டாக்டர் கணக்கு சரி. ஆனா ஓரத்துல ஜீரோடால்-பி அட்டை தெரியுதே, சீட்டுல இல்லையே. யார் வாங்கினது?

சுமா: அவர்தான்

செந்தில்: அம்மா வலிக்குதுன்னு அழுதாங்க சித்தப்பா

ராமு சித்தப்பா: அதுலயும் பாராசிட்டமால் 325 இருக்கு, அதைக்கூட விடு. அதுல இருக்கிற இன்னொரு வலி மருந்து அசிக்ளோஃபெனாக் 100தான் வம்பு. ரத்தம் கட்டாம இருக்க தினம் எனாக்ஸாபரின் 40 ஊசி போகுதுல்ல? ரெண்டும் சேர்ந்தா உள்ளே ரத்தம் கசியும். உங்கம்மா பிரஷருக்கு டெல்மா வேற சாப்பிடுறாங்க, கிட்னிக்கும் சுமை. இப்பவே நிறுத்து. எத்தனை போட்டீங்கன்னு சர்ஜனுக்கு போன்ல சொல்லு. மலம் கறுப்பா போனா விடியட்டும்னு இருக்காதே

செந்தில்: சரி

சரசு அத்தை: ஆபரேஷன்னே எனக்கு மூணாம் நாள்தான் தெரியும். நான் சொன்னா யார் கேக்கப் போறா

மீனா: சுமா அண்ணி, மலம் இளக்குற லாக்டுலோஸ் சீட்டுல இருக்கே?

சுமா: பாகு மாதிரி இருக்குன்னு துப்பிட்டாங்க

மீனா: 15 மி.லி. தண்ணில கலந்து குடுங்க. கேக்க ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள நிறுத்திடாதீங்க. வலி வந்தப்புறம் டோலோ குடுத்தா லேட். காலை 6, மதியம் 2, ராத்திரி 10னு வெச்சுடுங்க. போட்டு முக்கா மணி கழிச்சு நடக்க விடுங்க, நடந்தாத்தான் குடலும் நடக்கும். இருமினா தலகாணியைத் தையல் மேல அமுக்கிப் பிடிக்கணும்

சுமா: ஊசி போட்ட இடம் நீலமா இருக்கு

மீனா: தேய்ச்சிருப்பீங்க. தேய்க்கக் கூடாது. தொப்புளுக்கு ரெண்டு இன்ச் தள்ளி, தையல் பக்கம் போகாம, தினம் பக்கம் மாத்தி. சிரிஞ்சுல இருக்கிற குமிழைத் தள்ளி விட்டுடாதீங்க, மருந்தும் போயிடும்

குமார்: மீனா டாக்டரே ஆயிட்டா

ராமு சித்தப்பா: அல்ட்ராசெட்டை நீங்களா நிறுத்தாதீங்க. ராத்திரி ஒண்ணு மட்டும் போதுமான்னு சர்ஜன்கிட்ட கேளுங்க. வயித்து அமிலத்துக்கான பான் 40 வெறும் வயித்துல, அரை மணி கழிச்சு இட்லி

செந்தில்: நாளைக்கு நைட் அம்மாகூட யார் இருக்கிறது? சுமாவுக்கு டூட்டி

குமார்: சரசு அத்தை வீடு பக்கம்தானே

சரசு அத்தை: சொல்லாத வீட்டுக்கா?

செந்தில்: அத்தை ப்ளீஸ்

சரசு அத்தை: பாக்கலாம். அந்த ஊசி எல்லாம் நான் போட மாட்டேன்

குமார்: அப்ப மண்டபம்?