ஜெர்சி நிறத்தை மாற்றிவிட்டார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை

பனிமூட்டத்தில்_பந்து (குன்னூர்)

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் ஒரு சின்ன டவுன் ஃபுட்பால் கிளப். பேர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே மார்க்கெட்டில் மறித்துக் கேட்பார்கள். நான் ஆடுவதை விட்டு 6 வருஷம் ஆச்சு, முட்டி போய்விட்டது, இப்போது வெறும் சப்போர்ட்டர். எங்களை மாதிரி ஒரு 40 பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் காலையிலேயே போய் சுண்ணாம்புக் கோடு போடுவது, கோல் வலையைக் கட்டுவது, கீழே தேயிலைக்குள் பந்து உருண்டால் எடுத்துவர இரண்டு பையன்களை நிறுத்துவது எல்லாம் நாங்கள்தான். மழை மாதத்தில் அந்தப் பையன்களுக்கு அட்டைக்கடி வேறு, உப்புப் பொட்டலம் கொடுத்து அனுப்புவோம்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். எங்கள் ஜெர்சி என் அப்பா ஆடிய காலத்திலிருந்து பச்சை. இந்த வருஷம் ஒரு ரிசார்ட்காரர் ஸ்பான்சராக வந்தார், ஜெர்சி ஆரஞ்சும் கறுப்புமாக மாறிவிட்டது, அவர் ரிசார்ட் போர்டில் இருக்கும் அதே நிறம். எங்களுக்கு எப்போது தெரிந்தது என்றால் முதல் மேட்ச் அன்று பசங்கள் கிரவுண்டுக்குள் இறங்கும்போதுதான். பனி வேறு இறங்கியிருந்தது, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் "நம்ம டீம் இன்னும் வரலியா"ன்னு கேட்டார். செயலாளரிடம் போய்க் கேட்டேன். "காசு நீங்களா கொடுக்கிறீங்க?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

ஸ்பான்சர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 15 வயசுக்குக் கீழ் ஆடும் பசங்களுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார், வெளியூர் மேட்சுக்கு வேன் வைத்தார். வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப் பேர் இனி கிரவுண்டுக்கே போகக் கூடாது என்கிறார்கள், மீதிப் பேர் போய்க் கெஞ்சலாம் என்கிறார்கள். பெரிய கிளப்புகளில் ரசிகர் குழுக்களும் நிர்வாகமும் எப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்? அதற்கென்று ஏதாவது முறை இருக்கிறதா, இல்லை அங்கேயும் கத்துகிறவன் ஜெயிக்கிற கதைதானா?

—

கூடலூர்_செவன்ஸ்

ப்ரோ, எங்கள் ஊரில் பாதிப் பேர் கேரளா பிளாஸ்டர்ஸ் டீமின் ரசிகர்கள். நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகக் கொச்சிக்குப் போய் மேட்ச் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை தூக்கம் கெட்ட கண்ணோடு வேலைக்குப் போகிற கூட்டம். அதனால் அந்த டீமின் ரசிகர் குழுவான மஞ்சப்பட பற்றிக் கொஞ்சம் தெரியும். இந்தியாவில் இருக்கும் பெரிய ரசிகர் குழுக்களில் ஒன்று அது, ஸ்டேடியத்தில் பேனர், கோஷம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2024-25 சீசனில் டீம் தொடர்ந்து தோற்றபோது அவர்கள் செய்தது வெறும் கத்தல் இல்லை. இனி டிக்கெட் வாங்கவும் மாட்டோம் விற்கவும் மாட்டோம் என்று வெளிப்படையாகக் கடிதம் போட்டார்கள். டீம் மேலே பாசம் குறையவில்லை, கோபம் நிர்வாகத்தின் மேலேதான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த சீசனிலேயே கிளப் ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப் போவதாக அறிவித்தது. குழு வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி போட வைத்தார்கள் இல்லையா.

உங்கள் கதைக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது கொல்கத்தாதான். 2020-ல் மோகன் பகான் ஃபுட்பால் டீமை ஏடிகே என்ற இன்னொரு கொல்கத்தா டீமோடு சேர்த்தபோது பேர் ஏடிகே மோகன் பகான் ஆனது. 1911-ல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்து ஐஎஃப்ஏ ஷீல்டு ஜெயித்த கிளப், அதன் பேருக்கு முன்னால் இன்னொரு பேர் என்றால் அந்த ஊர் சும்மா இருக்குமா? மூன்று வருஷம் அந்த மூன்று எழுத்தை எடு என்ற ஒரே கோரிக்கைதான். 2023 மார்ச்சில் கோவாவில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல் ஜெயித்த ராத்திரியே, அடுத்த சீசனிலிருந்து ஏடிகே இருக்காது, மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் என்று ஓனர் அறிவித்தார். கவனியுங்கள், புதுப் பேரிலும் சூப்பர் ஜயன்ட் என்று ஓனருடைய பிராண்ட் இருக்கிறது. அவரும் முழுசாக விடவில்லை, இவர்களும் முழுசாக விடவில்லை. உங்கள் ஆரஞ்சுக்கும் அப்படி ஒரு வழி இருக்கும்.

—

ஹட்டிக்காரன்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) பிறந்தவன், வேலைக்காக 9 வருஷமாக ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே இதற்கு முறை இருக்கிறது, அதுவும் எழுதி வைத்த முறை.

முதலில் 50+1 என்று ஒன்று, 1998-லிருந்து இருக்கிறது. கம்பெனியாக மாறின கிளப்பிலும் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல், அதாவது ஐம்பதும் இன்னும் ஒன்றும், உறுப்பினர்கள் சேர்ந்த சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். கோடீஸ்வரர் வந்து எவ்வளவு கொட்டினாலும் கடைசி ஓட்டு அவருடையது இல்லை. லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் கிளப்புகள் மாதிரி விதிவிலக்குகள் உண்டு, லைப்சிக் கிளப்பில் ஓட்டுப்போடும் உறுப்பினர்களையே கை விரலில் எண்ணுகிற மாதிரி வைத்து விதியை வளைத்தார்கள் என்று இங்கே இன்றைக்கும் திட்டுவார்கள். சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம் எனக்கு எங்கள் ஹட்டியில் நடக்கும் ஊர்க்கூட்டம் மாதிரியேதான் தெரியும். தலைவர் மேடையில் இருப்பார், பின்வரிசையில் இருந்து ஒரு கிழவர் எழுந்து போன வருஷம் வாங்கின பிளேயருக்கு ஏன் அவ்வளவு கொடுத்தாய் என்று கேட்பார், பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது விஷயம்தான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய ஃபுட்பால் சங்கமான யுஇஎஃப்ஏ 2012-13 சீசனிலிருந்து தன் லைசென்ஸ் கேட்கும் ஒவ்வொரு கிளப்பும் ரசிகர் தொடர்பு அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும் என்று விதி போட்டது. வேலை ரொம்ப சாதாரணம். வெளியூர் மேட்சுக்கு எத்தனை பஸ், டிரம் உள்ளே விடுவார்களா, பேனர் எவ்வளவு நீளம் வரை, போலீஸ் எந்த கேட்டில் நிற்கும், இதையெல்லாம் ரசிகர்களுக்குச் சொல்வது, ரசிகர்கள் சொல்வதை உள்ளே கொண்டுபோவது. இரண்டு பக்கமும் அவரை நம்ப வேண்டும், அதனால் இரண்டு பக்கமும் அவரைத் திட்டும். பெரும்பாலான சண்டை இவரிடமே தீர்ந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலான சண்டை கொள்கைச் சண்டை இல்லை, யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்ற கோபம்தான். உங்கள் கேஸும் பாதி அதுதானே?

பேச்சு எடுபடாத இடத்தில் இங்கேயும் ரகளைதான். 2024 பிப்ரவரியில் ஜெர்மன் லீக் நிர்வாகம் வெளி முதலீட்டாளரை இழுக்கப் பார்த்தபோது மேட்ச் மேட்சாக டென்னிஸ் பந்தை மைதானத்துக்குள் வீசினார்கள். ஆட்டம் நிற்கும், பிளேயர்களே பந்து பொறுக்குவார்கள், திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப வீசுவார்கள். கடைசியில் அந்தப் பேச்சுவார்த்தையையே லீக் கைவிட்டது. நம் ஊரில் வீசினால் பந்தெல்லாம் தேயிலைக்குள்தான் போகும், உங்கள் பையன்கள் பாவம்.

—

முன்னாள்_பொருளாளர்

எல்லோரும் நிர்வாகத்தை வில்லனாகவே எழுதுகிறீர்கள். வேறு ஒரு கிளப்பில் 7 வருஷம் பொருளாளராக இருந்தவன் நான், கொஞ்சம் என் பக்கத்தையும் கேளுங்கள் தம்பி.

ஒரு சீசன் ஓட வேண்டுமென்றால் பதிவுக் கட்டணம், ரெஃப்ரி பணம், வேன், பந்து, முதலுதவிப் பெட்டி, ஆட்டம் முடிந்து பசங்களுக்கு டீயும் பன்னும். இதில் பந்து இருக்கிறதே, நம் மலையில் ஈரத்தில் ஆடி ஆடித் தையல் விட்டுவிடும், சமவெளிக்காரனை விட நமக்கு அதிகம் செலவு. ரசிகர்களிடம் ஆளுக்கு 100 ரூபாய் என்று நோட்டை நீட்டினால் அடுத்த வாரம் தருகிறேன் அண்ணா என்பார்கள். தோற்றால் மட்டும் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். அதனால் உங்கள் செயலாளர் கேட்ட கேள்வி மரியாதை இல்லாத கேள்விதான், ஆனால் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு தடவை எங்கள் ரசிகர் பையன்கள் கணக்குக் கேட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். நானே கைக்காசு போட்டு ஓட்டுகிறேன், என்னிடமே கணக்கா என்று கத்தினேன். வீட்டுக்குப் போனதும் வீட்டம்மா, "கைக்காசு போட்டது கணக்கு காட்டினாத்தானே அவங்களுக்குத் தெரியும்"னு சொன்னாங்க. மறுநாள் ஒரு கோடு போட்ட தாளில் வரவு செலவு எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். பற்றாக்குறை 4,200 என்று அடியில் சிவப்பு மையில் போட்டேன். இரண்டு வாரத்தில் அந்தப் பையன்களே வசூல் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார்கள், நான் கேட்காமலே. அதற்கப்புறம் மாசா மாசம் ஒட்டினேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. 40 பேராகப் போகாதீர்கள், மிரட்ட வந்தது போல இருக்கும். மூன்று பேர், கையில் ஒரே தாள், அதில் ஒரே கோரிக்கை. ஜெர்சியோடு சேர்த்து கோச்சை மாற்று, கேப்டனை மாற்று என்று ஆரம்பித்தால் செயலாளர் எதற்கும் பதில் சொல்லாமல் தப்பித்துவிடுவார். நானும் அப்படித்தான் தப்பித்திருக்கிறேன். இன்னொன்று, கிளப்பிடமிருந்து இலவசமாக எதுவும் வாங்காதீர்கள், வேனில் ஓசி சீட்டு கூட வேண்டாம். ஓசியில் உட்கார்ந்தவன் எதிர்த்துப் பேச எழுந்திருக்க மாட்டான்.

—

கோத்தகிரி_மிட்ஃபீல்டு

பொருளாளர் அண்ணா சொன்ன ஒரே கோரிக்கை விஷயத்துக்கு ஒரு உதாரணம். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் புது ஸ்டாண்டில் அதிகபட்ச டிக்கெட்டை 77 பவுண்டு ஆக்கப் போவதாகச் சொன்னது. சண்டர்லாந்து மேட்சில் 77-வது நிமிஷம் ஆயிரக்கணக்கான பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அப்போது 2-0 முன்னால் இருந்த டீம், கடைசியில் 2-2. அதே வாரம் ஓனர்கள் மன்னிப்புக் கேட்டு விலையை 59-லேயே நிறுத்தினார்கள். எண்ணும் நிமிஷமும் ஒன்று, விளக்கமே தேவைப்படவில்லை. ஆனால் அதற்கு முன்னால் மாசக்கணக்கில் ரசிகர் பிரதிநிதிகள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசியிருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. பேசிப் பார்த்துவிட்டு வெளியே போனார்கள். நீங்கள் இன்னும் பேசவே இல்லை, அதற்குள் பாதிப் பேருக்கு பாய்காட்.

நிறம் என்றால் வேல்ஸில் இருக்கும் கார்டிஃப் கிளப். 2012-ல் ஓனர் நீலத்தைச் சிவப்பாக்கினார். பட்டப்பேரே நீலப்பறவைகள், ஜெர்சி சிவப்பு! காசு வருகிறது, அடுத்த வருஷம் மேல்மட்ட லீக்கான பிரீமியர் லீக்குக்கும் போய்விட்டார்கள், அதனால் சரி போகட்டும் என்று இருந்தவர்களும் நிறைய. ஒரே வருஷத்தில் கீழே இறங்கினார்கள், 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. ஜெயிக்கிற வரைதான் புது நிறத்துக்கு மரியாதை.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அண்ணா. அந்த 40 பேரில் பெண்கள் எத்தனை பேர்? எங்கள் பக்கத்து எஸ்டேட் கிரவுண்டில் மேட்ச் நடந்தால் லைன் வீடுகளிலிருந்து அக்காமார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல்பக்க ரோட்டில் நின்று பார்ப்பார்கள், ஆடுகிறவன் பெரும்பாலும் அவர்கள் தம்பியோ மகனோதான். எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் அவர்கள் இல்லை. ரசிகர்கள் எல்லோரும் சொல்கிறோம் என்று போய் நிற்கும்போது செயலாளர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

—

மேட்டுப்பாளையம்_ராத்திரிவண்டி

சென்னையின் எஃப்சி கிளப் மேட்சுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போகிறவன் நான். ஒரே கிளப்புக்கு பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று இரண்டு குழு, பாட்டு வேறு, நிற்கிற இடம் வேறு. குழு இரண்டாக இருப்பது தப்பே இல்லை. நீங்கள் 40 பேர் இப்போதே இரண்டாக இருக்கிறீர்கள், அதை நிர்வாகம் பார்க்கிற மாதிரி வாட்ஸ்அப்பில் சண்டை போடாதீர்கள், அவ்வளவுதான். செயலாளரின் மச்சான் அந்தக் குரூப்பில் இருப்பார், பந்தயம் கட்டுகிறேன்.

—

பனிமூட்டத்தில்_பந்து (குன்னூர்)

எல்லோருக்கும் நன்றி, பத்து நாள் கழித்து வருகிறேன். மச்சான் இல்லை, சித்தப்பா மகன் இருந்தார்.

மூன்று பேர் போனோம். கோத்தகிரி தங்கச்சி கேட்டது உறுத்தியதால், மூன்றாவது ஆளாக எங்கள் லெஃப்ட் பேக்கின் அக்காவைக் கூப்பிட்டோம், எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். பேக்கரியில் உட்கார்ந்தோம், டீயும் வர்க்கியும், பில் எங்களுடையது. தாளில் ஒரே வரி: சொந்த கிரவுண்டில் ஆடும்போது பச்சை வேண்டும். செயலாளர் முதலில் பழைய பாட்டையே பாடினார். அந்த அக்காதான் சொன்னார், "பனி இறங்கினா மேல் ரோட்டிலிருந்து மூஞ்சி தெரியாது சார், பச்சையைப் பார்த்துத்தான் நம்ம பையன்னு கை தட்டுவோம், இப்ப யாருக்குத் தட்டுறோம்னே தெரியல." அவர் கொஞ்ச நேரம் வர்க்கியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் அங்கேயே ஸ்பான்சருக்கு போன் போட்டார். ஸ்பான்சருக்கு நிறத்தைப் பற்றிக் கவலையே இல்லையாம், பேர் பெரிசாகத் தெரிந்தால் போதுமாம். ஆரஞ்சு போடலாம் என்று யோசனை சொன்னதே செயலாளர்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, நாங்கள் அதைப் பெரிசாக்கவில்லை.

சொந்த கிரவுண்டில் பச்சை, நெஞ்சில் ரிசார்ட் பேர். வெளியூரில் ஆரஞ்சு. எழுதிக் கொடுங்கள் என்றால் வாய் வார்த்தை போதாதா என்று முறைத்தார், கடைசியில் ஃபிக்சர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கணக்கைச் சுவரில் ஒட்டுகிற யோசனையைச் சொன்னேன், அதற்கு மட்டும் பார்க்கலாம் என்றார். பாய்காட் கோஷ்டியில் நாலு பேருக்கு இன்னும் திருப்தி இல்லை, ஸ்பான்சர் பேரே இருக்கக் கூடாது என்கிறார்கள். அவர்களிடம்தான் பொருளாளர் அண்ணாவின் செலவுப் பட்டியலைக் காட்டப் போகிறேன்.

புதுப் பச்சை தைத்து வர மூணு வாரமாகும். வரும் ஞாயிறு பழைய ஜெர்சியில்தான் ஆட வேண்டும், தேடியதில் 8தான் கிடைத்தது, கீப்பருக்கு வேறு இருக்கிறது. குன்னூர், அருவங்காடு பக்கம் யார் வீட்டு பீரோவிலாவது எங்கள் பழைய பச்சை இரண்டு கிடந்தால் சொல்லுங்கள், மீடியம் சைஸ், நம்பர் எதுவானாலும் பரவாயில்லை, வந்து வாங்கிக்கொள்கிறேன்.