சம்பவம் முடிந்த பிறகு உணர்ச்சியைச் சொல்லலாமா?

நீலமை:
அனுபவக் கட்டுரையில் சம்பவத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் விளக்க வரியை அடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. மாதிரிக்கு ஒன்று:

“அப்பா விட்டுப்போன குறுக்கெழுத்தில் ஏழு கட்டம் காலி. அவர் இறந்த மறுவாரம் அம்மா பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ‘மேலிருந்து கீழ், நாலெழுத்து’ என்று உரக்கப் படித்தார். அன்றுதான் அம்மாவுடைய துயரத்தின் ஆழம் எனக்குப் புரிந்தது.”

கடைசி வாக்கியம் எதற்கு? பென்சில் சீவும் கையே போதும். மெய்ப்பாடு என்று நம் இலக்கணம் சொல்வதும் உள்ளத்து உணர்வு உடம்பில் தெரிவதைத்தான். ‘துயரம்’ என்று நாம் பெயர் சொல்லிவிட்டால், வாசகர் தானே கண்டுபிடிக்க இருந்ததைத் தட்டிப் பறிக்கிறோம்.

தாழ்வாரம்:
ஏற்க முடியவில்லை. எல்லா விளக்கத்தையும் அடித்தால் மிஞ்சுவது சிறுகதையின் கடைசிப் பத்திதான். பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் 1580இல் தன் கட்டுரை நூலுக்கு வைத்த ‘எஸ்ஸே’ என்ற பெயருக்கு முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்று பொருள். எழுதுகிறவர் யோசிப்பதைப் பார்க்கத்தான் கட்டுரைக்கு வருகிறோம். அந்த வரி மோசமானது, ஒத்துக்கொள்கிறேன். அது விளக்கமாக இருப்பதால் மோசமில்லை, வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திருப்பிச் சொல்வதால்தான் மோசம்.

மணிக்கூண்டு:
இரண்டு பேரும் கடைசி வரியிலேயே நிற்கிறீர்கள். கோளாறு அதற்கு முன்பே இருக்கிறது. அம்மா உரக்கப் படித்தது ஏன் நெஞ்சைத் தொட வேண்டும்? அப்பா தினமும் குறிப்புகளை உரக்கப் படிப்பார், அம்மா பதில் சொல்லாமல் தன் வேலையைப் பார்ப்பார் என்பது வாசகருக்கு முன்னமே தெரிந்திருந்தால்தான் தொடும். அது இரண்டு மூன்று பத்திக்கு முன்னால், அப்பாவின் காலை நேரத்தைச் சொல்லும்போது போகிறபோக்கில் ஒரே வரியாக வர வேண்டும். அதே பத்தியில் வைத்தால் ‘அழவைக்கத்தான் இது’ என்று தெரிந்துவிடும். மூன்று நான்கு வரிக்கு நீட்டினால் முடிவை வாசகர் முன்கூட்டியே ஊகித்துவிடுவார்.

அளவும் முக்கியம். 800 சொல் கட்டுரையில் இந்தக் காட்சிக்கு 120, மிஞ்சினால் 150 சொல். பென்சில் சீவுவதில் தொடங்கலாம். மருத்துவமனை, மரணம், வந்துபோன உறவினர் எதுவும் வேண்டாம். பேச்சு ஒரே ஒரு வரி. அடுத்தடுத்து மூன்று சம்பவம் இதே சுருதியில் வந்தால் மூன்றாவது எடுபடாது, அது எவ்வளவு நல்ல சம்பவமாக இருந்தாலும்.

பொதுக் கருத்தைப் பக்கத்திலேயே வைப்பதும் ஆபத்து. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நன்கொடை பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறுமியின் கதையை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் நன்கொடை தந்தார்கள். புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் தந்தது 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43தான்.

தாழ்வாரம்:
அந்த ஆய்வை 2023இல் மிகப் பெரிய மாதிரியோடு திரும்பச் செய்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. அதை வைத்துக் கட்டுரைக்குச் சட்டம் போடக் கூடாது. நன்கொடைக் கடிதத்துக்கு வாசகர் இரங்கினால் போதும். கட்டுரைக்கு அது போதாது.

அப்பா உரக்கப் படிப்பார் என்ற வரியை முன்னாலேயே வைப்பது பற்றி மணிக்கூண்டு சொன்னது சரி. அதோடு நீலமை அடித்த இடத்தில் இதை வைத்துப் பாருங்கள்: “அம்மா குறுக்கெழுத்து போடப் பழகுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.”

கட்டுரையில் இரண்டு ‘நான்’ உண்டு. அன்று பார்த்தவர் ஒருவர், இன்று எழுதுகிறவர் ஒருவர். அன்றைய ‘நான்’ தப்பாகப் புரிந்துகொண்டதை அப்படியே வைத்தால், வாசகர் அவரை முந்திக்கொண்டு புரிந்துகொள்கிறார். வலிப்பது அந்த இடத்தில்தான்.

நீலமை:
இந்த வரியை அடிக்க மாட்டேன். இதில் உணர்ச்சிக்குப் பெயரே இல்லை. ஆனால் பழகாத கை இதற்கு அடுத்து “இப்போதுதான் தெரிகிறது” என்று தொடங்கிவிடும். என் பயமே அதுதான். தொடங்கினால் காட்சி அங்கேயே செத்துவிடும்.

தாழ்வாரம்:
காட்சியை ஒட்டி வந்தால் சாகும், உண்மை. பத்தியை முடித்து, இடைவெளி விட்டு, அப்பாவின் காலைகளுக்கே திரும்பிப் போங்கள். அத்தனை ஆண்டுகள் அவர் குறிப்புகளைப் படித்தபோது அம்மா ஏன் ஒருநாளும் பதில் சொல்லவில்லை? விருப்பமில்லையா, விடை தெரிந்தும் அவருக்காக விட்டுக்கொடுத்தாரா, அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தாரா? இந்தக் கேள்வியை எடுக்காவிட்டால் அந்த ஏழு கட்டங்கள் வாசகரை அழவைக்கப் போட்ட வெறும் சாமான்தான். எடுத்தால், இன்றைய ‘நான்’ பேச வேண்டிய இடம் அதுவே. அங்கேயும் வாயை மூடு என்கிறீர்களா?

நீலமை:
இல்லை. கேள்வி மூன்றும் இருக்கட்டும். எது சரி என்று மட்டும் எழுதியவர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.